ஆள் ஏறினால் நடுங்கும் வண்டி

உரமூட்டை ஏற்றினால் அந்த வண்டி நடுங்காது. தேயிலைப் பெட்டிகளை அடுக்கினாலும் நடுங்காது. ஆள் ஏறினால்தான் நடுங்கும். வேகமுள் மணிக்கு இருபத்தாறு மைலைத் தொடும்போது தொடங்கி, முப்பதில் உச்சத்துக்குப் போகும். தொழிலாளர் குடியிருக்கும் லயங்களில் இதற்கு ஒரே ஒரு விளக்கம்தான் இருந்தது: வண்டியில் செத்தவள் வண்டியை விட்டு இன்னும் இறங்கவில்லை.

எழுபதுகளின் பிற்பகுதி அது. பதுளையில் இரண்டு வருடம் மோட்டார் தொழில் படித்துவிட்டு, லுணுகலைப் பக்கம் ஒரு தோட்டத்தின் கராஜில் உதவியாளராகச் சேர்ந்திருந்தேன். எனக்கு வயது இருபத்து மூன்று. கராஜில் நான் ஒருத்திதான் பெண். நடுங்குகிற அந்த பிக்கப் என்னைவிட மூத்தது. வெள்ளைக்காரர் காலத்துப் பச்சைப் பெயின்ட், அதன் மேல் சாம்பல், அதன் மேல் மறுபடி பச்சை. முன்னால் இரண்டு பேர் உட்காரலாம். பின்னால் பலகைத் தட்டு, மேலே தார்ப்பாய். உரம், தேயிலை, நோயாளி, பிணம் எல்லாம் அதில்தான் போகும்.

இறந்தவர் கொழுந்து எடுக்கும் பெண். இரண்டாவது பிரசவம் லயத்திலேயே நடந்தது. குழந்தை பிழைத்தது, தாய்க்கு இரத்தம் நிற்கவில்லை. காலைப் பெரட்டில் வேலை பிரித்துக் கொடுத்து ஆட்கள் கலைந்த நேரத்தில் பிக்கப்பின் பின்தட்டில் வைக்கோலும் கம்பளியும் போட்டு அவரைக் கிடத்தினார்கள். தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டும் அவருடைய கணவர் தலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். பதுளைக்கு மூன்று மைல் இருக்கும்போது, இரண்டு பக்கமும் சவுக்கு மரம் நிற்கிற நேர்ப்பாதை ஒன்று வரும். அங்கே உயிர் போயிற்று.

பழி டிரைவர் மேல் விழுந்தது. அவன் ஊர்ந்து ஊர்ந்து போனான், அதனால்தான் செத்தாள் என்று கணவர் தொழிற்சங்கத் தலைவரிடம் முறையிட்டார். குடித்திருந்தான் என்று வேறு சிலர் சேர்த்துக்கொண்டார்கள். வண்டி உதறியது, அதனால் வேகமாக ஓட்ட முடியவில்லை என்று டிரைவர் சொன்னார். மேலிருந்து வந்த இன்ஜினியர் தேயிலைப் பெட்டிகளோடு பதுளை ஸ்டேஷன் வரை ஓட்டிப் பார்த்தார். வண்டி கொஞ்சமும் உதறவில்லை. அதோடு டிரைவரின் சொல் பொய்யாகிவிட்டது. இருபத்தொரு வருடம் ஓட்டியவரை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். விசாரணையில் குற்றம் உறுதியானால் வீட்டையும் காலி பண்ண வேண்டும். அவருக்கு மூன்று பெண் பிள்ளைகள்.

ஒரு புதன்கிழமை தோட்டத்து மேனேஜரான துரை என்னைக் கூப்பிட்டார். திங்கட்கிழமை விசாரணை, வண்டியில் கோளாறு உண்டா இல்லையா என்று ஒரு பக்கத்தில் எழுதிக் கொடு என்றார்.

என்னிடம் மெழுகுத் துணி அட்டை போட்ட ஒரு நோட்டுப் புத்தகம் இருந்தது. எதையும் எண் போட்டு எழுதாவிட்டால் எனக்கு நிம்மதி இருக்காது. அன்று எழுதியது: டயர், ரிம், சக்கர பேரிங், பிரேக் டிரம், இன்ஜின் தாங்கிகள், பின் ஸ்பிரிங் வில்லின் போல்ட்டுகள், ஷாஃப்ட். கழற்ற எளிதானது முதலில் என்ற வரிசை. ஷாஃப்ட் ஏழாவதாகப் போனதற்கு வேறு காரணமும் இருந்திருக்கலாம். ஐந்து மாதம் முன்பு அதைக் கழற்றி மாட்டியது நான்.

டிரைவரை வரச் சொன்னேன். பம்பரில் கட்டியிருந்த எலுமிச்சம்பழம் காய்ந்து கறுத்திருந்தது. அவர் கதவைத் தொடாமல் நின்றார்.

"நீங்க ஓட்டுங்க தங்கச்சி. நான் தொட்டா அதுவும் ஒரு கேஸாகும்."

"எங்க உதறுதுன்னு நீங்கதான் காட்டணும். ஏறுங்கண்ணே."

நாங்கள் கிளம்பும்போது, யாரும் கூப்பிடாமலே, இறந்தவரின் கணவர் வந்து பின்தட்டில் ஏறிக்கொண்டார். வண்டி பதுளைப் பக்கம் போகும்போதெல்லாம் இப்படி ஏறுகிறார் என்று கேள்விப்பட்டிருந்தேன். சவுக்கு மரத்தடிவரை வருவார், இறங்குவார், அத்தனை மைலும் நடந்தே திரும்புவார். யார்மேல் முறையிட்டாரோ அந்த டிரைவர் முன் இருக்கையில் உட்கார்ந்திருந்தார். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை.

தேயிலை அரைக்கிற ஸ்டோர் வாசலில் கொழுந்துக் கூடையோடு நின்ற பெண்கள் வழிவிட்டார்கள்.

"அடியே, ஸ்டேரிங்கப் புடிச்சிருக்கிறது யாருன்னு பாரு!"

"நல்லதுதான். பின்னால இருக்கிறவளுக்கும் பேச்சுத் தொணையாச்சு."

"டிரைவரண்ணே, நான் விசாரிச்சதா அவகிட்டச் சொல்லுங்க!"

சிரிப்பு வந்த வேகத்தில் நின்றது. பின்தட்டில் கணவர் உட்கார்ந்திருப்பதை அப்போதுதான் பார்த்திருக்கிறார்கள்.

வளைவுகள் முடிந்து நேர்ப்பாதை வந்தது. இருபத்தாறில் இருக்கைக்கு அடியில் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. இருபத்தெட்டில் கண்ணாடி அதிர்ந்தது. முப்பதில் சாலையே இரண்டாகத் தெரிந்தது. பின்கண்ணாடியில் பார்த்தேன். கணவர் மண்டியிட்டு, இரண்டு உள்ளங்கைகளையும் பலகையில் பதித்து, கண்ணை மூடியிருந்தார். பயந்த மனிதரின் முகம் அல்ல அது. யாரோ பேசுவதைக் கேட்கிற முகம்.

கிளட்சை மிதித்து கியரை விடுவித்தேன். இன்ஜின் தணிந்தது. நடுக்கம் கொஞ்சம் குறைந்ததே தவிர நிற்கவில்லை. ஐந்தாம் எண் அடிபட்டது, இன்ஜின் காரணம் இல்லை.

டிரைவர் முன்னால் பார்த்தபடியே சொன்னார்: "அன்னைக்கு இந்த எடத்துல நான் மிதிச்சேன் தங்கச்சி. என்ன ஆனாலும் ஆகட்டும்னு மிதிச்சேன். இப்பிடித்தான் உதறிச்சு. அந்தப் புள்ள வலியில கத்திருச்சு. அவ புருஷன் கூரையத் தட்டுறான், 'மெதுவா, மெதுவா'ன்னு. கால எடுத்துட்டேன்."

"இத ஏன் நீங்க யார்கிட்டயும் சொல்லல?"

"பொண்டாட்டியப் பறிகொடுத்தவனப் பாத்து, நீதாண்டா மெதுவாப் போகச் சொன்னேன்னு எப்படிச் சொல்றது? அவனுக்குத் தெரியாதா என்ன?"

வண்டியை நிறுத்தினேன். கணவர் இறங்கி, எங்களைப் பார்க்காமல், வந்த வழியே நடக்கத் தொடங்கினார்.

வியாழக்கிழமை சக்கரங்களைக் கழற்றி முன்னதைப் பின்னும் பின்னதை முன்னும் மாட்டினேன். டயரில் கோளாறு என்றால் நடுக்கம் இடம் மாற வேண்டும். மாறவில்லை. பேரிங்கில் ஆட்டம் இல்லை. பிரேக் டிரம்மைச் சுழற்றிப் பக்கத்தில் சுண்ணக்கட்டியைப் பிடித்துப் பார்த்தேன், கோடு சீராக விழுந்தது. பின் வில்லின் போல்ட்டுகள் இறுக்கமாகவே இருந்தன. வெள்ளிக்கிழமை எட்டு உரமூட்டைகளை ஏற்றி ஓட்டினேன். தொட்டில் போல அமைதியாகப் போனது. இறக்கிவிட்டு ஓட்டினேன், நடுங்கியது. மூட்டை இறக்கியவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர்களில் ஒருவர் திருநீற்றை எடுத்துக் கதவில் பூசிவிட்டுப் போனார்.

எனக்கும் அப்போது பயம் பிடித்தது. பேய்ப் பயம் இல்லை. மூட்டை ஏறினால் பாரம் தாங்குகிற பின் வில் படியும். பின் வில் படிந்தால், கியர்பெட்டியிலிருந்து பின் அச்சுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் ஷாஃப்ட்டின் சாய்வு குறையும். ஆள் ஏறினால் அவ்வளவு படியாது, சாய்வு அப்படியே இருக்கும். சாய்வில் மட்டும் தெரிகிற கோளாறு ஷாஃப்ட்டில் ஒன்றுதான் உண்டு. படித்திருந்தேன். படம் வரைந்து பாகம் குறித்து நல்ல மதிப்பெண்ணும் வாங்கியிருந்தேன்.

சனிக்கிழமை காலை சாக்கை விரித்து வண்டிக்கு அடியில் போனேன். ஷாஃப்ட்டின் இரண்டு முனையிலும் இரண்டு விரல் நீட்டியதுபோல ஒரு கவை இருக்கும். நடுவில் குழாய் இரண்டு துண்டாகி, ஒன்று மற்றதன் பற்களுக்குள் செருகியிருக்கும். எந்தப் பல்லில் வேண்டுமானாலும் செருகலாம். ஆனால் ஒரு கவை நிமிர்ந்து நின்றால் மற்றதும் நிமிர்ந்து நிற்கும்படி செருக வேண்டும். டார்ச்சை அடித்தேன். முன்கவை நிமிர்ந்து நின்றது. பின்கவை கொஞ்சம் தலையைச் சாய்த்திருந்தது, மடியில் சாய்கிறவரைப் போல.

இணையும் இடத்தில் இருந்த அழுக்கைத் துடைத்தேன். இரண்டு துண்டிலும் ஒவ்வொரு சிவப்புப் பொட்டு. இரண்டும் நேருக்கு நேராக இருந்தன.

அப்படியே கிடந்தேன். எவ்வளவு நேரம் என்று எழுதி வைக்கவில்லை.

ஐந்து மாதம் முன்பு ஷாஃப்ட்டைக் கழற்றும்போது, திரும்பச் சேர்க்க அடையாளமாக இரண்டு துண்டிலும் சிவப்பு பெயின்ட்டால் கோடு போட்டேன். உளியால் தட்டிக் குறி போடுவதுதான் முறை. மறுநாள் ஆயுத பூசை, எல்லோரும் அவசரத்தில் இருந்தார்கள், நானும் பெயின்ட்டைத் தொட்டேன். மழைக்காலம், பெயின்ட் காயவில்லை. பூசைக்கு ஸ்பேனர்கள், ஜாக், உளி எல்லாவற்றையும் கழுவி மேசையில் பரப்பினார்கள். ஷாஃப்ட் துண்டுகளும் அங்கேதான் கிடந்தன. சந்தனம் குங்குமம் வைக்க என்னைக் கூப்பிட்டார்கள்.

"பொம்பளப் புள்ள இருக்கையில எங்க கரிக்கையால வெக்கிறதா? நீங்க வைங்க மிஸ்ஸி."

அந்த மேசையில் என்னை அவர்கள் ஒரு காரணத்துக்காகவாவது தேவையானவளாக நினைத்த முதல் நாள் அது. ஒன்று விடாமல் வைத்தேன். எதையும் விட்டுவிடாமல் செய்வது என் பழக்கம். ஷாஃப்ட்டின் இரண்டு துண்டுக்கும் வைத்தேன். எண்ணெய் படிந்த இரும்பில் குங்குமம் ஊறிப் பிடித்துக்கொண்டது. மறுநாள் மண்ணெண்ணெய்த் துணியால் சந்தனத்தைத் துடைத்தபோது, காயாத பெயின்ட் அதோடு போய்விட்டது. மிஞ்சியது நான் வைத்த பொட்டு. அதைப் பெயின்ட் என்று எண்ணி, நேருக்கு நேர் வைத்துச் செருகினேன். கவைகளை ஒருமுறை கண்ணால் பார்த்திருந்தால் போதும். என் பட்டியலில் "குறி பார்த்துச் சேர்க்க" என்றுதான் இருந்தது. குறி பார்த்தேன், சேர்த்தேன். ஓட்டிப் பார்த்தது தோட்டத்தின் மேல் டிவிஷனுக்கு உரமூட்டை ஏற்றிய நடையில். நடுக்கம் இல்லை. "சரி" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

வண்டிக்கு அடியிலிருந்து வந்ததும் நோட்டுப் புத்தகத்தைப் பின்னோக்கிப் புரட்டினேன். இருந்தது. மூன்று இடத்தில். "டிரைவர் சொன்னது: ஆள் ஏற்றினால் உதறல். டயர் பார்க்க." இரண்டு வாரம் கழித்து மறுபடி அதே வரி. ஒரு மாதம் கழித்து மறுபடி. மூன்றும் அந்தப் பெண் சாவதற்கு முன்பு எழுதியவை. எதற்குப் பக்கத்திலும் முடித்ததற்கான அடையாளம் இல்லை.

டிரைவர் வீட்டு வாசலில் விறகு பிளந்துகொண்டிருந்தார். போய்ச் சொன்னேன். அவர் கோடாரியைக் கீழே வைத்தார்.

"மூணு தடவை என்கிட்டச் சொன்னீங்களேண்ணே. அதையாவது துரைகிட்டச் சொல்லியிருக்கலாமே."

"நீங்கதான் எல்லாத்தையும் எழுதி வெப்பீங்களே தங்கச்சி. எழுதினது எப்பயாச்சும் வெளிய வரும்னு இருந்தேன்." பிளந்த விறகை ஓரமாக அடுக்கிவிட்டு, "வெளிய கொண்டாறதும் கொண்டாறாததும் உங்க இஷ்டம். எனக்கு மூணு பொண்ணு. நாலாவதா ஒரு பொண்ணோட பொழப்பையும் கெடுத்துட்டு ஓட்டுறதுக்கு அந்த வண்டி என்ன தேரா?"

அன்றே ஷாஃப்ட்டை இறக்கினேன். இரண்டு கவையையும் ஒரே கோட்டில் நிறுத்தி, இம்முறை உளியால் தட்டிக் குறி போட்டு, மறுபடி ஏற்றினேன். நாலு போல்ட்டு இறக்கி நாலு போல்ட்டு ஏற்றுகிற வேலை. கால் மணி நேரம் கூட ஆகவில்லை. ஓட்டிப் பார்த்தேன். முப்பது, முப்பத்திரண்டு, முப்பத்தைந்து. வெறும் வண்டி தண்ணீரில் போவதுபோலப் போனது. அந்த அமைதியைப்போல் பயங்கரமானது எதையும் நான் அதுவரை கேட்டதில்லை.

ஞாயிற்றுக்கிழமை அறிக்கை எழுதினேன். ஆபீஸில் பெரிய கிளார்க் வாங்கிப் படித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"'ஷாஃப்ட் பிழையாகச் சேர்க்கப்பட்டிருந்தது'ன்னு எழுதினாப் போதும் புள்ள. யாருன்னு எதுக்கு?"

"யாருன்னு இல்லாட்டி டிரைவர்னு நெனப்பாங்க ஐயா. வண்டிக்கு கிரீஸ் அடிக்கிறது அவர்தான்."

"நல்லா யோசிச்சியா?"

"ஆமாங்க."

திங்கட்கிழமை அதை நானே வாசித்தேன். நோட்டுப் புத்தகத்தின் மூன்று வரிகளையும் வாசித்தேன். வேகத்தையும் கணக்கிட்டிருந்தேன்: அந்தப் பாதையில் முப்பதைத் தாண்டி ஓடக்கூடிய இடங்கள் எல்லாம் சேர்த்து ஆறு மைல். இருபத்து நாலில் போனதற்கும் முப்பத்தாறில் போயிருக்கக்கூடியதற்கும் வித்தியாசம் ஐந்து நிமிடம். ஐந்து நிமிடத்தில் அவர் பிழைத்திருப்பாரா என்பது எனக்குத் தெரியாது என்றும் எழுதியிருந்தேன். இறந்தவரின் கணவர் தொழிற்சங்கத் தலைவருக்குப் பக்கத்தில் நின்றார். முடியும்வரை கேட்டுவிட்டுப் போனார். டிரைவரை அன்றே வேலைக்கு எடுத்தார்கள். என்னை வெலிமடைப் பக்கம் வேறொரு தோட்டத்துக்கு, கருவிகள் சாமான்கள் எழுதி வைக்கிற வேலைக்கு மாற்றினார்கள். கராஜுக்குள் கால் வைக்க வேண்டாம் என்று வாயால் சொன்னார்கள்.

அந்த வாரமே கிளம்பினேன். டிரைவர்தான் பதுளை பஸ் ஸ்டாண்டுக்குக் கொண்டுபோனார். என் டிரங்குப் பெட்டி ஒன்றும் படுக்கைச் சுருட்டு ஒன்றும் பின்தட்டில் இருந்தன. ஸ்டோர் வாசலில் கணவர் ஏறிக்கொண்டார்.

நேர்ப்பாதை வந்தது. டிரைவர் என்னை ஒருமுறை பார்த்துவிட்டு மிதித்தார். முள் முப்பதைத் தாண்டியது. சவுக்கு மரங்கள் ஓடின. ஒன்றும் இல்லை. பின்கண்ணாடியில், கணவர் மண்டியிட்டு உள்ளங்கைகளைப் பலகையில் பதித்திருந்தார். ஒரு இடத்திலிருந்து எடுத்து இன்னொரு இடத்தில் வைத்தார். பிறகு காதை வைத்தார்.

பிறகு கூரையில் தட்டும் சத்தம் கேட்டது. இரண்டு தட்டு. டிரைவரின் கால் தானாக எழுந்தது.

வண்டி நின்றதும் நான் இறங்கிப் பின்னால் போனேன். அவர் தட்டின் விளிம்பில் உட்கார்ந்திருந்தார். முப்பது வயதிருக்கும். கைகளில் கவ்வாத்துக் கத்தியின் பழைய வெட்டுகள்.

"விசாரணையில சொன்னதெல்லாம் கேட்டேன்" என்றார். "அது அவ இல்ல. நீங்க மாத்திச் சொருவுனது."

"ஆமாங்க. நான் செஞ்ச தப்பு."

"அஞ்சு நிமிஷம்."

"ஆமாங்க."

"நான் தட்டாம இருந்திருந்தா?"

அந்தக் கணக்கு என்னிடம் இல்லை. அவர் தட்டியதும் அந்த ஐந்து நிமிடத்துக்குள் அடக்கம் என்று நான் சொல்லவில்லை. "வண்டி நடுங்காம இருந்திருந்தா நீங்க தட்டியிருக்க மாட்டீங்க" என்றேன். அது உண்மை. அவ்வளவுதான் என்னால் கொடுக்க முடிந்தது.

அவர் பலகையைத் தடவிக்கொண்டிருந்தார். "கடைசியா என் கையப் புடிச்சிருந்தா. அந்த உதறல் பலகைக்குள்ள ஏறி, அவளுக்குள்ள ஏறி, என் கைக்கு வந்துச்சு. அது நின்னப்பவும் எது நின்னுச்சுன்னு எனக்குத் தெரியல. வண்டியா, அவளான்னு." பிறகு, மிக மரியாதையாக, கடையில் ஒரு சாமான் இருக்கிறதா என்று கேட்பதுபோல் கேட்டார்: "மிஸ்ஸி, ஒரே ஒரு தடவ பழையபடி மாத்திப் போட முடியுங்களா?"

என் பெட்டியில் ஸ்பேனர்கள் இருந்தன. நாலு போல்ட்டு. கால் மணி நேரம். எத்தனை பல் தள்ளிச் செருக வேண்டும் என்றும் தெரியும்.

"முடியாதுங்க" என்றேன். "ஒருதரம் சரி பண்ணினா அதுக்கப்புறம் மாத்த வராது."

அவர் தலையாட்டினார். நம்பினார். இறங்கி, வந்த வழியே நடக்கத் தொடங்கினார். டிரைவர் அவர் வளைவில் மறையும்வரை இன்ஜினைப் போடவில்லை.

இப்போது பல வருடம் ஆகிவிட்டது. பஸ்ஸில் ஏறினாலும் லாரியில் ஏறினாலும் என் உள்ளங்கை முதலில் இருக்கைக்கு அடியில் போகிறது. அந்த நோட்டுப் புத்தகம் இன்னும் என்னிடம் இருக்கிறது. ஏழு எண்ணும் அதில் அடிக்கப்பட்டிருக்கின்றன, மூன்று வரிகளுக்குப் பக்கத்திலும் பிறகு அடையாளம் போட்டேன். அந்தத் தோட்டத்தில் நான் செய்ததும் சொன்னதும் எல்லாம் அதில் இருக்கின்றன, சவுக்கு மரத்தடியில் அவரிடம் சொன்ன ஒன்றைத் தவிர.